குறைந்தது இரண்டு

பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் இடைவெளி இருந்தது. அவன் எழுதிய சோதனை நிரல் அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டிருந்தது.

கட்டடத்தின் கீழ்வாசலில் ஒரு திரை மாட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் அதில் பெயர், வயது, வீட்டு எண், வீட்டாரோடு உறவு, புகைப்படம் என்று நிரப்ப வேண்டும். தவறிருந்தால் கட்டத்தின் கீழே சிவப்பு எழுத்து வரும். எல்லாம் சரியானால் வீட்டுக்காரரின் கைப்பேசிக்குத் தகவல் போகும். அவர் சம்மதித்தால் கதவு திறக்கும். இந்தப் படிவத்தை எழுதியவன் அவன். வெள்ளோட்டத்துக்குத் தன் கட்டடத்தையே பிடித்துக் கொடுத்தவனும் அவனே. யாராவது நிரப்பும்போது அது அவனுடைய மடிக்கணினியிலும் தெரியும்.

வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கூடத்தில் அக்கா துணி மடிக்கும் சத்தம், குழல்விளக்கின் ரீங்காரம், எங்கோ மேல்மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற ஓசை. எல்லாம் வழக்கம்போல இருந்தன. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

இடைவெளியை எழுத்தாக எண்ணியது தன் கவனக்குறைவுதான். ஆனால் பெயர் கேட்டால் இடைவெளியைத் தட்டுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான் உண்டு. அலுவலகத்தில் இவனுக்கு முன்வாசல் என்று பெயர். திரைக்குப் பின்னால் தரவைச் சேமிக்கும் நண்பனுக்குப் பின்வாசல். போன மாதம் வயது என்ற கட்டத்தில் 'நேற்று' என்று நிரப்பி நாள் முழுக்கச் சிரித்தவன் அந்தப் பின்வாசல்தான். இவன் அவனைக் கைப்பேசியில் அழைத்தான்.

"என்னடா, என் வீட்டு வாசல்லயே விளையாடுறியா?"

"மச்சி, நான் பல் டாக்டர்கிட்ட இருக்கேன். வாயில பஞ்சு."

பஞ்சு வைத்தவன் குரலாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சு எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

"வர்ற பதிவை உன் பக்கமும் சோதிக்கிறதானே?"

"நீதான் வாசல்லயே சோதிக்கிறியே. நான் வேற எதுக்கு?"

"நீ சோதிப்பேன்னு நெனச்சுதான் நான்..."

"நீ சோதிச்சிருப்பேன்னு நெனச்சுதான் நானும்."

பஞ்சு இணைப்பைத் துண்டித்தது.

பெயரில் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று திருத்திச் சேமித்தான். கீழே நிற்பது எதுவோ, அது புதிய விதியைப் படிப்பதுபோல ஓர் இடைவேளை. பிறகு பெயர் வந்தது: அஅஅ.

வயது நானூற்றுப் பன்னிரண்டு.

குறைந்த அளவைச் சொல்லிவிட்டு அதிக அளவை மறப்பது அவனுடைய பழைய வியாதி. நூற்றுப் பத்துக்கு மேல் கூடாது என்று எழுதினான். இடைவேளை. வயது நூற்றுப் பத்து ஆனது.

கேட்டது மட்டும். கேட்ட அளவு மட்டும். விளையாடுகிறவன் இவ்வளவு பணிவாக விளையாட மாட்டான்.

புகைப்படம் வந்தது. எதிர்ச்சுவர் மட்டும் இருந்தது. 'முகம் தெரியவில்லை' என்றது சிவப்பு எழுத்து. அடுத்த படத்தில் சுவருக்கு முன்னால் ஏதோ வெளுப்பாக, சோப்புக்கட்டிபோல வழவழப்பாக நின்றது.

'முகத்தில் குறைந்தது இரண்டு கண்கள் தெரிய வேண்டும்.'

நிரப்புகிறவரைத் திட்டாதே, சொல்லிக்கொடு என்பார் மேலாளர். அந்த வாசகங்களுக்காகவே கூட்டத்தில் இவனுக்குக் கைதட்டினார்கள். இப்போது அந்த வாசகத்தின் கீழே புதிய படம் வந்தது. வழவழப்பில் இரண்டு கோடுகள், நகத்தால் கீறியதுபோல.

'கண்கள் திறந்திருக்க வேண்டும். திரையை நேராகப் பார்க்கவும்.'

உறவு என்ற கட்டத்தில் எழுத முடியாது. பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். அது தேர்ந்தெடுத்தது: கணவர்.

வீட்டு எண் இவர்களுடையது. வெளியூர் வேலை முடித்து மாமா வருகிற நாள் இன்று.

"அக்கா, மாமா எங்க வந்துட்டிருக்காராம்?"

"போனை எடுக்கல. பஸ்ல வாயைப் பொளந்துட்டு தூங்கியிருப்பாரு. ஏன்டா, திடீர்னு பாசம் பொங்குது?"

மாமாதானோ? கேமராதான் கெட்டுப்போச்சோ? அப்படி நினைக்கப் பார்த்தான். மனம் படியவில்லை. படிவத்தையே நிறுத்திவிடலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தான். திரையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாகின.

கூடத்தில் அக்காவின் கைப்பேசி மணியடித்தது.

"அக்கா, சம்மதிக்காதே!"

"அமுக்கிட்டேனே. பின்ன, புருஷனை வாசல்ல நிக்க வைக்கவா?"

கீழே கதவு திறந்தது. லிஃப்ட் புறப்பட்டது. வெகுநாள் மூடிக்கிடந்த குளியலறையின் வாசம் படிக்கட்டு வழியே ஏறி வந்தது. அக்கா கண்ணாடி முன்னால் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

லிஃப்ட் நின்றது.

அக்காவின் கைப்பேசி மறுபடி ஒலித்தது. அவன் பாய்ந்து எடுத்தான். மாமா.

"டேய், பஸ் நடுவழியில நின்னுடுச்சு. இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அக்காகிட்ட சொல்லிடு."

அழைப்புமணி.

"வந்துட்டாரு!" அக்கா ஓடினாள்.

"அக்கா!"

தாழ்ப்பாள் விலகியது.

கதவைப் பிடித்த அக்காவின் கை பிடித்தபடியே நின்றது. அவளுக்கு மேலே, கதவு நிலையின் உயரத்தில், முகம். அதில் இரண்டு கண்கள் இருந்தன. திறந்திருந்தன. நேராகப் பார்த்தன.

கன்னத்திலும் இருந்தன.

கழுத்திலும்.

கதவைத் தள்ளுவதற்காக நீட்டிய கையில், விரல்விரலாக. எல்லாம் திறந்திருந்தன. எல்லாம் நேராக.

அது உடனே உள்ளே வரவில்லை. அக்காவின் முகத்தருகே குனிந்து, ஏதாவது சிவப்பு எழுத்து வருகிறதா என்று பொறுமையாகக் காத்திருந்தது.