பதினெட்டு மூச்சு

கரண்ட் போனபிறகுதான் வெள்ளியங்கிரிக்கு அந்தச் சத்தம் கேட்டது.

சோமனூரில் அவன் குடியிருந்த சந்து முழுக்க விசைத்தறிகள். பகலென்றும் ராத்திரியென்றும் இல்லாமல் தடதடத்துக்கொண்டே இருப்பதால், தன் வீட்டுக்குள் என்ன சத்தம் இருக்கிறது என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை மூன்று மணிக்கு லைனில் ஏதோ கோளாறாகி தறிகளெல்லாம் ஒரே மூச்சில் நின்றன. கஞ்சிப் பசை வாசமும் எண்ணெய் வாசமும் மட்டும் மிச்சம் நின்ற அந்த அமைதியில், கட்டிலில் கிடந்த மனைவி பூவாத்தாள் மூச்சு விடுவது கேட்டது. உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே. தறியில் நாடா போய்வருகிற மாதிரி, ஒன்றுக்கொன்று நூலளவும் வித்தியாசமில்லாமல்.

செல்போனில் நிமிடத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினான். பதினெட்டு.

மறுபடி எண்ணினான். பதினெட்டு.

நோட்டிலும் அதுதான் இருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்த நான்கு மாதத்தில் அவன் மூச்சை எண்ணியது ஒரே ஒரு நாள்தான்.

பக்கவாதம் வந்து அவள் படுத்ததும், மருத்துவமனையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற நர்ஸ் சாய்ப்ரியா நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி. உடல் வெப்பம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை. முதல் நான்குக்கும் மெஷின் இருந்தது. மூச்சுக்கு மட்டும் மெஷின் இல்லை. நெஞ்சையே பார்த்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

"மொதல்ல மாறுறது மூச்சுதானுங்ண்ணா. இருவத்தஞ்சுக்கு மேல போனாலும், பன்னெண்டுக்குக் கீழ வந்தாலும் நேரங்காலம் பாக்காம எனக்குப் போன் போட்டுருங்க."

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் அவன். கட்டத்துக்குள் எண் எழுதுவது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தறியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, ஏறி இறங்கும் நெஞ்சை ஒரு நிமிடம் பார்த்தால் கண் சொக்கிவிடும். முதல் நாள் எண்ணியபோது பதினெட்டு வந்தது. அதற்குப் பிறகு எல்லா நாளும் எண்ணாமலே பதினெட்டு என்று எழுதிவிட்டான். கொஞ்ச நாளில் அதையும் வேளைக்கு வேளை எழுதச் சலிப்பாகி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதுக்கும் மூச்சுக் கட்டத்தை மட்டும் முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுவான். சனிக்கிழமை மாலைக் கட்டத்தை விட்டுவிடுவான். அதை அப்போது வருகிற சாய்ப்ரியாவே எண்ணிப் போடுவாள்.

நேற்றுக் காலை வேலைக்குப் போனவன், மாற்றாள் வராததால் ராத்திரியும் நின்றுவிட்டு, இப்போதுதான் வந்திருந்தான். பக்கத்து வீட்டு அன்புக்கரசிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் அவள் தலை தெரிந்தது.

"ஏனுங் மாமா, வந்துட்டீங்களா? அக்கா நேத்து ராத்திரி புடிச்சு வாயே தொறக்கலீங். கஞ்சி அப்படியே இருக்குது. கூப்புட்டுப் பாத்தேன், அசையல. மூச்சு நல்லா வருது, தூங்கட்டும்னு உட்டுப்போட்டேன்."

"செரி அம்மணி," என்றான்.

ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மனைவியின் விரலில் மாட்டினான். எண் வரவில்லை, இரண்டு கோடுதான் வந்தது. தன் விரலில் மாட்டினான். தொண்ணூற்றாறு. மறுபடி அவள் விரலில். இரண்டு கோடு. விரல் மடங்க மறுத்தது. வெப்பமானியை அக்குளில் வைத்தான். அது எண்ணே காட்டாமல் கத்தி ஓய்ந்தது. ரத்த அழுத்த மெஷின் கையை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, சும்மா இருந்துவிட்டது.

சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து அவள் மூக்கருகே பிடித்தான். பஞ்சு ஆடியது. போனது, வந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தான். காற்று வந்தது. அதில் சூடு இல்லை. பானைக்குள்ளிருந்து வருவது போலச் சில்லென்றிருந்தது.

சாய்ப்ரியாவுக்குப் போன் போட்டான். மெஷின் எதுவும் வேலை செய்யவில்லை என்றான்.

"மூச்சு எத்தனைங்ண்ணா?"

"பதினெட்டு."

"எண்ணித்தானே சொல்றீங்க?"

"இப்பத்தான் எண்ணுனேன்."

"அப்பப் பயப்படாதீங்க. பேட்டரி போயிருக்கும். ஆறு மணிக்கு வாரேன்."

நேற்றும் முந்தாநாளும் எண்ணவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லியிருந்தால் அவள் அப்போதே கிளம்பியிருப்பாள். முன்னமே சொல்லியிருந்தால் என்றைக்கோ வந்து பார்த்திருப்பாள். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

கட்டிலருகே உட்கார்ந்தான். அழுகை வரவில்லை. பசியும் இல்லை. ஓர் எறும்பு தலையணை மேல் ஏறி, அவள் கன்னத்தில் நடந்து, இமைக்குள் போனது. இமை துடிக்கவில்லை. நெஞ்சு ஏறியது. இறங்கியது.

"பூவா," என்றான். "போறதுன்னா போயிரு புள்ள."

ஏறியது. இறங்கியது. பதினெட்டு.

வெயில் சுவரில் ஏறி, மங்கி, போனது. கரண்ட் வரவில்லை. நோட்டைத் திறந்து மடியில் வைத்தான். இன்று காலைக் கட்டம் வரை அவன் கையெழுத்து, வரிசையாக, ஒரே எண். அதற்குப் பக்கத்து மாலைக் கட்டம் காலி.

ஆறு மணி.

மூச்சு நின்றது.

இறங்கி நிற்கவில்லை. ஏறிய இடத்திலேயே நின்றது. நெஞ்சு மேலே தூக்கியபடி இருந்தது. சந்தில் ஒரு சத்தமும் இல்லை.

அவன் அசையவில்லை. இப்படியே விட்டுவிடலாம். காலியாகவே இருக்கட்டும்.

இமைகள் திறந்தன.

காய்ந்த கண்கள். இரண்டும் உருண்டன. அவனைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த நோட்டைப் பார்த்தன. காலிக் கட்டத்தை. பிறகு சட்டைப்பையில் இருந்த பேனாவை.

கெஞ்சுகிறாளா, வேண்டாம் என்கிறாளா? தெரியவில்லை. நான்கு மாதமாக அந்த முகத்தை அவன் சரியாகப் பார்த்ததில்லை.

கை தானாகப் பேனாவை எடுத்தது. ஒன்று. எட்டு.

நெஞ்சு இறங்கியது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. "ஏனுங்ண்ணா, அக்கா எப்படி இருக்காங்க?" என்றபடி சாய்ப்ரியா உள்ளே வந்தாள். கட்டிலருகே குனிந்து பூவாத்தாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. கழுத்தைத் தொட்டாள். பிறகு ஏறி இறங்கும் நெஞ்சைப் பார்த்தாள். சுவர் வரைக்கும் பின்வாங்கினாள்.

வெள்ளியங்கிரி தலை நிமிரவில்லை. புதுப் பக்கத்தைப் புரட்டி, ஸ்கேல் இல்லாமல் கோணலாகக் கட்டம் போட்டான். ஞாயிறு காலை, பதினெட்டு. ஞாயிறு மாலை, பதினெட்டு. திங்கள் காலை. திங்கள் மாலை. பேனா நகர நகர, கட்டிலில் அந்தக் கண்கள் ஒவ்வொரு கட்டமாக அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன.