மூச்சு விட்ட இடத்தில்

பழைய ஒலிப்பதிவுக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்குவதற்குள்ளேயே குருவிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இறங்கவே இந்தப் பாடு என்றால் திரும்பி ஏறும்போது என்ன கதியோ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றாள். நிமோனியா வந்து படுத்து எழுந்தவள். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வார்கள், அவர்களுக்கென்ன!

குருவி என்பது வாத்தியக் குழுவில் வைத்த பட்டப்பெயர். அவள் வாசிப்பது பிக்கோலோ. புல்லாங்குழல் குடும்பத்தின் கடைக்குட்டி அது. ஒரு சாணைவிடக் கொஞ்சம் அதிக நீளம், கைப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஊதினால் மேடையில் எத்தனை பேர் வாசித்தாலும் தனியாகக் கேட்கும். இசையமைப்பாளர்களுக்கு அதன்மேல் என்ன கோபமோ, கடைசியில் நாலு கீச்சுக் கீச்சு என்று எழுதிக் கொடுப்பதோடு சரி. அதற்கென்று தனியாக ஓர் உருப்படி, ஒரு முழுப் பாட்டு, எழுதுவோம் என்று யாருக்கும் தோன்றாது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் குழல் கலைஞர்கள் சங்கத்தின் செயலாளரான அவளுடைய அக்கா, பிக்கோலோவுக்குப் புதிய உருப்படிகள் எழுதும் போட்டி ஒன்றை அறிவித்திருந்தாள். யார் எழுதியது என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது. வந்த எல்லாவற்றையும் ஒரே ஆள், ஒரே அறையில், நடுவில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரே ஆளாக யாரைப் போடுவது?

"என்னால படியே ஏற முடியலக்கா," என்று குருவி சொல்லிப் பார்த்தாள்.

"படுத்தே கிடந்தா எப்படிடி தேறுவ? உன் நாற்காலியில இப்ப வேற பொண்ணு உக்காந்திருக்கா, ஞாபகம் இருக்கா? நடுவர்கள்ல, மேடையில குச்சி ஆட்டுற உங்க குழு நடத்துநரும் ஒருத்தர். நீ வாசிக்கிறது அவர் காதுல விழட்டும். டாக்டர் சரின்னுட்டா நீ திரும்பப் போய் உக்காந்துரலாம்."

நாற்காலி என்றதும் குருவி ஒப்புக்கொண்டாள். அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் பள்ளி முடித்த நாளிலிருந்து உதடு காய்த்துப்போக ஊதியிருக்கிறாள். அது போய்விட்டால் அவளிடம் வேறு எதுவும் இல்லை.

ஒலிப்பதிவாளர் அறைக் கதவைத் திறந்துவிட்டார். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும். பெயரும் அதுவே ஆகிவிட்டது, ஹெட்போன் அண்ணன்.

"நான் மாடியிலதான் இருப்பேன்மா. ஜன்னல் கிடையாது, உங்கள பாக்க முடியாது. சிவப்பு விளக்கு எரிஞ்சா பதிவாகுதுன்னு அர்த்தம். அது அணையிற வரைக்கும் கதவு திறக்காது. யாரோ நடுவுல நுழைஞ்சு பதிவைக் கெடுத்துட்டாங்கன்னு முன்னாடி இருந்தவர் இப்படிப் பூட்டு போட்டு வெச்சிருக்கார். வாசிச்சு முடிச்சு பத்து எண்ணுற நேரம் ஒரு சத்தமும் இல்லைன்னா தானா அணைஞ்சுரும், பூட்டும் விட்டுரும்."

"சத்தம் இருந்தா?"

"இருக்கிற வரைக்கும் பதிவாகும்."

நாலு சுவரிலும் கறுப்பு மெத்தை. கீழே ஈரம் ஊறிய கம்பளம். கதவு மூடியதும் வெளியுலகம் அறுந்து போனது போல் இருந்தது. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்டது. அதோடு ஒரு வாடை வேறு: வாசித்துவிட்டுத் துடைக்காமல் வைத்த குழலுக்குள் இருக்குமே, எச்சில் ஊறிய மரவாடை, அது. அவளுடைய குழல் இன்னும் பெட்டிக்குள் இருந்தது.

முதல் நாள் உருப்படிகள் ஒழுங்காகப் போயின. சிலது நன்றாகவே இருந்தது, சிலதை எழுதியவர் பிக்கோலோவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று தெரிந்தது. அன்றைக்குக் கடைசியாக ஓர் உருப்படி வந்தது. வரிவரியாகப் பார்த்தவள், "அட பாவி!" என்றாள் வாய்விட்டு.

மூச்சு விட இடமே இல்லை. முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி வரை ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. எங்கும் நிறுத்தக் கூடாது என்று மேலே எழுதியிருந்தது.

நுரையீரல் நன்றாக இருந்த காலத்திலேயே முடியாது. குழல் வாசிக்கிற எவரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பென்சிலை எடுத்து, கோட்டுக்கு மேலே மூன்று இடத்தில் சின்னக் குறி போட்டாள். இங்கே மூச்சு என்று அர்த்தம். கண் இமைக்கும் நேரம் சத்தம் அறுந்துபோகும். போகட்டும், வேறு வழி?

விளக்கு எரிந்தது. வாசித்தாள். குறி போட்ட இடங்களில் அவசர அவசரமாக மூச்சை இழுத்துக்கொண்டாள். முடித்ததும் தலை சுற்றியது.

மாடிக்குப் போனால் ஹெட்போன் அண்ணன் அசந்து போய் உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா மூச்சு விட்டீங்க? ஒரு இடத்துலகூட அறுபடலையே!"

அவள் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தாள். முதல் குறி போட்ட இடம் வந்தது. அவள் மூச்சை இழுக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. கூடவே குழலும் கேட்டது. அறுபடாமல், அழகாக, அவள் வாசிப்பதைவிடக் கொஞ்சம் நன்றாகவே கேட்டது.

வாயால் மூச்சை இழுத்துக்கொண்டே ஊத எவராலும் முடியாது.

"கன்னத்துல காத்தை அடக்கி வெச்சு, மூக்கால இழுத்துக்கிட்டே வாசிப்பாங்களே, அந்த வித்தையா?" என்று அவர் கேட்டார்.

இல்லை, அந்த இடத்தில் நான் வாசிக்கவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. நாற்காலி நினைவுக்கு வந்தது.

"ஆமாண்ணே," என்றாள் குருவி.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதே உருப்படியை வாசித்துப் பார்த்தாள். குறி போட்ட இடங்களில் சத்தம் அறுந்தது, எப்போதும்போல. அப்பாடா! அந்த அறையில் ஏதோ எதிரொலி, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்தாள்.

சில நாள் கழித்து அக்கா குதிக்காத குறையாக வந்தாள்.

"அடியே! நடத்துநர் கேட்டுட்டு என்ன சொன்னார் தெரியுமா? நோய்ல விழுந்தவ வாசிப்பா இதுன்னாருடி. அந்த உருப்படி இறுதிச் சுற்றுக்குப் போயிருச்சு. இன்னொரு தடவை பதிவு பண்ணணும். அப்புறம் டாக்டர் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், நாற்காலி உனக்குத்தான்!"

மறுபடி அந்த அறையா என்று பயந்தாள் குருவி. ஆனாலும் சரி என்றாள். அன்று இரவே ரப்பரை எடுத்து மூன்று குறிகளையும் அழுத்தித் தேய்த்து அழித்தாள். கன்னத்தில் காற்றடக்கும் வித்தையைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தாள். இந்த முறை எல்லாவற்றையும் தானே வாசித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை அக்காவும் கூட வந்தாள். "நான் மாடியில அண்ணன் பக்கத்துல உக்காந்து கேக்கறேன், தைரியமா வாசி," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனாள். கதவு மூடியது. அதே வாடை, முன்பைவிடப் பக்கத்தில் இருந்தது.

இசைத்தாளைப் பிரித்து வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் தாளைப் பார்த்தாள்.

குறிகள் இருந்தன.

மூன்று இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஸ்வரத்துக்கு ஸ்வரம், பென்சிலால் அழுத்தி அழுத்திப் போட்டிருந்தது.

சரியாக அழிக்கவில்லை போலிருக்கிறது என்று அவளால் இப்போது மனதைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. கதவுப் பிடியைத் திருகினாள். அசையவில்லை. வாசித்து முடித்தால்தான் திறக்கும். சரி, வாசித்துத் தொலைப்போம் என்று குழலை உதட்டில் வைத்தாள்.

முதல் குறியில் மூச்சு விடவில்லை. அடுத்ததிலும் விடவில்லை. நெஞ்சு எரிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் தாங்க மாட்டாமல் வாயைத் திறந்து இழுத்துவிட்டாள்.

குழல் நிற்கவில்லை.

அவள் அதை உதட்டிலிருந்து எடுத்தாள். பாட்டு போய்க்கொண்டிருந்தது. மெல்ல இசைத்தாள் தாங்கியில் வைத்துவிட்டுக் கையை விலக்கிக்கொண்டாள். பாட்டு போய்க்கொண்டிருந்தது, அவள் வாய்க்கு நேர் எதிரே, நாலு விரல் தூரத்தில். அங்கிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று அவள் உதட்டில் பட்டது.

"அக்கா!" என்று கத்தினாள்.

வாய் அசைந்தது. குரல் வரவில்லை. கத்துவதற்கு இழுத்த மூச்சில் குழல்தான் ஓங்கிக் கேட்டது.

கதவுக்கு ஓடினாள், தட்டினாள், உதைத்தாள். மெத்தை எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. மாடியில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகையின் விம்மலுக்கு விம்மல் குழலும் விம்மியது.

அவளுக்கு உறைத்தது.

இழுத்தால் ஏறுகிறது. விட்டால் தணிகிறது. அது ஊதுவது என் மூச்சைத்தான்.

சத்தம் நிற்க வேண்டுமானால் மூச்சு நிற்க வேண்டும். பத்து எண்ணும் வரை. படி இறங்கினாலே இரைக்கிறவள்!

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாயையும் மூக்கையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

சத்தம் நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று. நெஞ்சுக்குள் இருமல் கிளம்பியது. அடக்கினாள். ஏழில் வெடித்துவிட்டது. குழல் கெக்கலி கொட்டுவது போலக் கீச்சிட்டுவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.

இன்னொரு முறை. காதுக்குள் இரைச்சல். யாரோ முகத்துக்கு மிக அருகில் குனிந்து, அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருப்பது தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எட்டு. ஒன்பது.

பூட்டு விட்டது.

உருண்டு வெளியே விழுந்தவளை, படியிறங்கி வந்த அக்கா ஓடிவந்து தாங்கினாள். அக்காவின் கண்ணெல்லாம் ஈரம். "அழ வெச்சுட்டடி! அந்த முடிவு... ஏண்டி, ஏன் இப்படி நடுங்குற?"

"அதைப் போட்டியிலேருந்து எடுத்துரு. கிழிச்சுப் போட்டுரு. என்னை எதுவும் கேக்காதக்கா."

தங்கை முகத்தைப் பார்த்த அக்கா அவளைத் தாங்கிப் பிடித்துப் படியேற்றினாள். குழலைக்கூட எடுத்து வராமல் தெருவுக்கு வந்தாள் குருவி. பயந்து பயந்து ஒரு மூச்சை இழுத்தாள். பேருந்து போகிற சத்தம். யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். வேறெதுவும் இல்லை. நடைபாதையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகை அழுகையாகவே வந்தது.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சுத்தமா இருக்கே!" என்றார் அவர். அக்கா தங்கையின் கையை அழுத்தினாள். நாற்காலி கண் முன்னால் தெரிந்தது.

"ஒரு தடவை கேட்டுருவோம். நல்லா மூச்சை இழுங்க."

இழுத்தாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்தினார். நெற்றி சுருங்கியது. வாசல் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா அது, பாட்டு போட்டிருக்கிறது? போனை அணைக்கச் சொல்லுங்க."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வெளியே யாரும் இல்லையே டாக்டர். எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே."

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். அவள் முதுகில் வைத்தார்.

"இன்னொரு தடவை இழுங்க... ம்... இப்ப அப்படியே பிடிச்சுக்கோங்க."

குருவி பிடித்துக்கொண்டாள். டாக்டர் முகம் தெளிந்தது.

"நின்னுருச்சு. சரிம்மா, மூச்சு விடலாம்."

அவள் விடவில்லை.

"விடுங்கம்மா."

குருவி அக்காவின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.