உம் கொட்டுகிறவள்

பின்வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஜெனிட்டாவுக்கு அது கேட்டது. உள்ளறையில் கிறிஸ்டி உம் கொட்டிக்கொண்டிருந்தாள். யாரோ பக்கத்தில் படுத்து நிதானமாகக் கதை சொல்ல, இவள் இடையிடையே "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்கிற மாதிரி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வாயே திறக்காதவள். போலீஸ்காரர்களிடம் பேசவில்லை, பங்குச் சாமியாரிடம் பேசவில்லை, கூடப்பிறந்த அக்காவிடமும் பேசவில்லை.

அம்மாவிடம் மட்டும் பேசுகிறாளாக்கும் என்று நினைத்ததுமே ஜெனிட்டாவுக்கு நெஞ்சில் எறும்பு கடித்தது. ஈரக்காலோடு உள்ளே போனாள். அம்மா சலோமி அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். அறையில் கிறிஸ்டி சுவரைப் பார்த்துத் தனியாகப் படுத்திருந்தாள். உம் நின்றுவிட்டது.

"யாருட்டடி பேசுன?"

அடுப்படியிலிருந்து அம்மாதான் கத்தினாள். "வந்ததும் வராததுமா அவள ஏன்டி நோண்டுற? கொட்டாங்கச்சி எடுத்துப் போடு அடுப்புல."

நனைந்து வந்தாயா என்று கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திப் பல நாளாகிவிட்டது.

ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம், டியூஷன் முடிந்து பஸ் இறங்கி, வாய்க்கால் ரோட்டில் குரும்பகரத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்த கிறிஸ்டியை ஒருவன் பின்னலைப் பிடித்து இழுத்து வயல் சேற்றில் தள்ளினான். காதில் கிடந்த தோட்டைப் பிய்த்தான். இடது மடல் இரண்டாகக் கிழிந்தது. தோடு கிடைத்ததும் அவன் ஓடவில்லை. பைக்கில் வந்த ஒருவர் வெளிச்சம் அடித்தபோது, சேற்றில் கிடந்தவளின் காதோரம் குந்தி உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தானாம். வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் எழுந்து போனானாம். என்ன சொன்னான் என்பதைக் கிறிஸ்டி யாரிடமும் சொல்லவில்லை. அவன் பிடிபடவும் இல்லை. ஊர் மட்டும் நிறையப் பேசியது. அந்நேரத்தில் பொட்டப்பிள்ளைக்கு ரோட்டில் என்ன வேலை என்றது.

அதோடு பள்ளிக்கூடம் நின்றது. வீடு முழுக்கக் கிறிஸ்டியைச் சுற்றிக்கொண்டது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு படுத்தாள், சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், தலையைத் தடவித் தடவி "என் கண்ணு, என் கண்ணு" என்றாள். கொத்து வேலைக்குப் போய்வரும் அப்பா அகஸ்டின், சிமெண்டு காயாத கையோடு திராட்சையும் கேக்கும் வாங்கி வந்தார். ஜெனிட்டா காரைக்காலில் ஒரு ரெடிமேட் கடையில் நாள் பூரா நின்று வேலை பார்த்துவிட்டு அதே ஸ்டாப்பில் இறங்கி, அதே ரோட்டில், தங்கை வந்ததைவிட இன்னும் இருட்டிய பிறகு நடந்து வந்தாள். பஸ் ஸ்டாப்புக்கு டார்ச்சோடு ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் கண்ணாடி முன் நின்று தன் காது மடலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வலிக்கிற மட்டும் இழுத்தாள். எனக்கு நடந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது, கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் பூங்கொடி பின்வாசலில் உட்கார்ந்து கொடுவா அரிந்துகொண்டிருந்தாள்.

"சலோமியக்கா, மூத்தவ என்ன மூஞ்சிய இப்புடி வச்சிருக்கா? கெளுத்தி முள்ளு தொண்டையில சிக்குனாப்புல?"

"அவளுக்கு எப்பவும் அதான். ஓம் மீனப் பாத்துதான் பயந்துட்டா போ" என்று சிரித்துக்கொண்டே அம்மா சட்டி எடுக்க உள்ளே போனாள்.

ஜெனிட்டா குரலைத் தணித்தாள். "பூங்கொடியக்கா, கிறிஸ்டி ஆளே இல்லாம உம் கொட்டுறா."

அரிவாள்மணையில் மீன் நின்றது. பூங்கொடி உள்ளறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு தொழிலுக்குப் போறப்ப, நடுக்கடல்ல காத்து அடங்குன நேரத்துல தண்ணிக்கிட்டேருந்து பேச்சுக் கேக்குமாம். தெரிஞ்ச ஆளு மாதிரி பாசமா பேசுமாம். காதுல வாங்கிக்கிட்டு பேசாம வலைய இழுக்கணும். உம்முன்னு ஒரு சத்தம் குடுத்தா போச்சு, அதுக்கு ஆளு கெடச்சிரும். கூடவே கரைக்கு வந்துரும்." பிறகு செதிள் ஒட்டிய கையால் ஜெனிட்டாவின் கன்னத்தில் இடித்தாள். "நீ பயந்து தொலைக்காத. தங்கச்சிகிட்ட அனுசரணையா இரு, போ."

அனுசரணை. அதுவும் அவளுக்குத்தான்.

மறுநாள் சாயங்காலம் ஜெனிட்டா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சன்னல் ஓரமாக மழைத்தாரையில் நின்று கேட்டாள். உம்முக்கும் உம்முக்கும் நடுவே, ஈரச்சாக்கைச் சிமெண்டுத் தரையில் மெல்ல இழுப்பது போல ஒரு கரகரப்பு இருந்தது. ஏறியது, இறங்கியது, மூச்சு வாங்கியது. ஓட்டு நீர் சொட்டும் சத்தத்துக்கு அப்படி ஏற்ற இறக்கம் கிடையாது. அறுப்புக்கு முன்னே அழுகிப்போன நெற்பயிரின் வாடை சன்னல் வழியாக வந்தது.

உள்ளே ஓடினாள். கிறிஸ்டி மட்டும்தான் இருந்தாள். முதன்முறையாக அவள் ஜெனிட்டாவை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, நீ கேக்காத. நான் கேட்டுக்குறேன். நான் உம் கொட்டுற வரைக்கும் அவன் எங்கிட்டயே இருப்பான். வேற யாருட்டயும் போவ மாட்டான்."

குரல் துருப்பிடித்திருந்தது. ஜெனிட்டா அவள் கண்ணடியில் விழுந்திருந்த கருப்பைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எல்லாம் உனக்கே வேணும், இல்ல? இதுகூட. அதை மட்டும்தான் நினைத்தாள்.

அந்த வாரம் புயல் எச்சரிக்கை வந்து கடையைச் சீக்கிரம் மூடினார்கள். வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. அம்மா அடுப்படியில் மெழுகுவத்தி ஏற்றி, கிறிஸ்டியை மடியில் சாய்த்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஜெனிட்டாவின் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அம்மா நிமிரவில்லை. ஜெனிட்டா உள்ளறைக்குப் போய், இருட்டில் தடவி, தங்கையின் பாயில் தங்கை படுக்கிற மாதிரியே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தலையணையில் மருந்து வாடை. தேங்காயெண்ணெய் வாடை. அதற்கும் கீழே சேறு.

நெடுநேரம் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. பிறகு காதோரம், வெதுவெதுப்பாக:

"நனஞ்சிட்டியா?"

ஜெனிட்டா அசையவில்லை.

"நாளெல்லாம் நிக்கிறியே, கால் வலிக்காது? ஒருத்தரும் கேக்குறதில்ல. இல்ல?"

கண்ணில் நீர் முட்டியது. பூங்கொடி சொன்னது நினைவில் இருந்தது. நன்றாகவே இருந்தது.

"ம்" என்றாள்.

சுவருக்கும் அவளுக்கும் நடுவே பாய் அழுந்தியது.

அது பேசியது. அவள் பஸ்ஸில் எந்தச் சீட்டில் உட்காருகிறாள் என்றது. குடையில் எந்தக் கம்பி முறிந்திருக்கிறது என்றது. ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள். யாரோ தன்னை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பது முதலில் இனித்தது. அப்புறம் இனிக்கவில்லை. நிறுத்தப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். தொண்டை தானாக உம் என்றது.

"தங்கச்சிகிட்ட இத்தன நாளும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதுக்கு மட்டும் உம் சொல்லல அவ."

வேண்டாம், கேட்காதே என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"ஒங்கம்மாகிட்ட போவட்டுமா?"

பல்லை இறுக்கினாள். விரலைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"ம்."

பாய் லேசானது.

கரண்ட் வந்தது. அடுப்படியில் கிறிஸ்டி சிரிக்கும் சத்தம். "அம்மா, பசிக்குதும்மா!" "மாதாவே, பேசிட்டாளே, எம்புள்ள பேசிட்டாளே!" என்று அம்மா அழுதாள், சிரித்தாள். சற்று நேரத்தில் தட்டோடு உள்ளறை வாசலில் வந்து நின்றவள், பாயில் நடுங்கிக் கிடந்த பெரியவளைக் கண்டு பதறிப்போனாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் கை வைத்தாள். அந்தக் கை எவ்வளவு இதம்.

"என்னடி இப்புடிக் கொதிக்குது? யாருமே பாக்காம வுட்டுட்டமே. வாயத் தொற, ஒரு வாய் வாங்கிக்க."

உருண்டை வாய்க்குள் வந்துவிட்டது. பருப்புச் சோறு. நெய் விட்டது.

அப்போதுதான் ஜெனிட்டா பார்த்தாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால். குந்தி உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரை சேறு. அவன் பார்வை ஜெனிட்டாமேல். வாய் அம்மாவின் காதோரம்.

அம்மா என்று கத்தப் பார்த்தாள். சோறு தொண்டையை அடைத்தது. சத்தம் வரவில்லை.

ஈரக் கை ஒன்று எழுந்து அம்மாவின் கூந்தலை அவ்வளவு பதமாக ஒதுக்கி, தோட்டுக்கு வழி செய்தது.

"ஏன்டி முழிக்கிற? முழுங்கு, என் கண்ணு" என்று அம்மா சிரித்தபடி அடுத்த வாய்க்கு உருட்டினாள்.