பச்சை விளக்கு எரியும் நேரம்

“என்னை வேவு பாக்கறாங்க.”

வந்தவர் இதை நின்றபடியே அறிவித்தார். உட்காரச் சொல்வார்கள் என்று சற்றுக் காத்திருந்தார். ஆனால் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அந்தக் கடையில் இருந்த ஒரே நாற்காலியில் பிரித்துப்போட்ட கணினி ஒன்று உட்கார்ந்திருந்தது.

மூலையில் பிரிண்டருக்கு மை நிரப்பிக்கொண்டிருந்த தம்பிக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. இப்படி ஒருவர் வந்து சொல்லமாட்டாரா என்று நாற்பது வயதுவரை காத்திருந்தவன் அவன். கடைக்காரியான அவனுடைய அக்கா மட்டும் திருப்புளியைக் கீழே வைக்காமல், “யாருங்க?” என்றாள்.

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்!”

எடை, அளவைத் துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சுயசரிதை எழுதுகிறார். அது வெளிவந்தால் பல நாற்காலிகள் ஆடிப்போகும் என்றார். நேற்று மாலை வழக்கம்போல் நடக்கப் போனவர், மழை பிடித்துக்கொண்டதால் குடைக்காகப் பாதியில் திரும்பியிருக்கிறார். பார்த்தால், கம்ப்யூட்டர் மேலிருக்கும் கேமராவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

“அப்ப வீட்டுல யாரு இருந்தாங்க?”

“என் சம்சாரம் மட்டும்தான். தைச்சு முடிச்ச கவுனை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, வெளிச்சத்துல தையல் பாத்துக்கிட்டிருந்தா. நான் வந்ததுகூட அவளுக்குத் தெரியலை. அவளை விடுங்க, கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாது. எனக்குச் சந்தேகமெல்லாம் ஸ்டெனோ மேலதான். என் பழைய ஆபீஸ் ஆளு. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நான் அடிச்சதைத் திருத்தறான். நாளைக்கே போலீஸ்ல கொடுத்துடறேன்.”

தம்பி அக்காவின் காதருகே குனிந்தான். “அக்கா, இதுல வெளிநாட்டுக் கை இருக்கு.”

“தராசுக்கல்லைத் திருடவா? பையை எடுடா.”

அவர் வீட்டுக் கதவுப் பலகையில் ‘இயக்குநர்’ என்றிருந்தது. ‘இணை’ மட்டும்தான் ஓய்வு பெற்றிருந்தது போலும். கூடத்துச் சுவர் முழுக்க அவர் சால்வை வாங்கும் படங்கள், கேடயம் வாங்கும் படங்கள், கொடுக்கும் படங்கள். நடுவில் ஒரு படம் மட்டும் இல்லை. அது மாட்டியிருந்த இடம் நீள்சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

கணினிக்கு எதிரே, உள்சுவரை ஒட்டிய இருட்டு மூலையில் தையல் மெஷின். அதற்குப் பின்னால் சுவரில் ஒரு டியூப்லைட். மெஷினருகே நின்ற அம்மாள் இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை மடித்தாள். அந்தப் பக்கம் நல்ல வெயில் விழும் ஜன்னலோரம் காலியாக இருந்தது. தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் பதிந்திருந்தது. அக்கா அந்தத் தடத்தைத் தாண்டிக் கால் வைத்ததைத் தம்பி கவனித்தான். ஏன் என்றுதான் புரியவில்லை. சனிக்கிழமை ஆனதால் ஸ்டெனோவும் வந்திருந்தார். தம் மீதுள்ள சந்தேகம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார்.

கணினி முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே நான்கு பாதுகாப்பு மென்பொருள்கள், நான்கும் விலை கொடுத்து வாங்கியவை.

“நாலு காவக்காரன் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு நிக்கறான் சார். திருடன் நடுவுல கையை வீசிக்கிட்டுப் போறான்” என்றாள் அக்கா. நான்கையும் நீக்கினாள். கணினியோடு சும்மாவே வருகிற காவல் நிரலை எழுப்பிவிட்டாள். அதன் பின், வேவு நிரல்களைத் தேடும் இலவச மென்பொருள் ஒன்றை, அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினாள்.

“ஓசியா?” என்று முகம் சுளித்தார் இயக்குநர். “என் தகுதிக்கு இதெல்லாம்…”

“வைரஸுக்குப் பதவி தெரியாது சார்.”

திரையில் ஒரு கேள்விப் பெட்டி முளைத்தது. அக்கா படிப்பதற்குள் இயக்குநரின் விரல் நீண்டு ‘ஆம்’ என்பதை அமுக்கிவிட்டது.

“என்ன கேட்டுச்சுன்னு படிச்சீங்களா?”

“படிக்கறதெல்லாம் கீழ இருக்கறவங்க வேலை. நான் ஒப்புதல் மட்டும்தான்.”

அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். தேடல் முடிந்தது. சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு நிரல் மாட்டியிருந்தது. அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

“ஸ்டெனோ சார், நீங்க எப்போலேர்ந்து இங்க வர்றீங்க?”

“போன வருஷத்துலேர்ந்து… என் பிள்ளைங்க மேல ஆணையா நான்…”

“பயப்படாதீங்க. இந்த நிரல் இங்க குடியேறி ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க இல்லை.”

“அப்ப என் சுயசரிதை?” என்றார் இயக்குநர்.

“அதை யாரும் தொடவே இல்லை சார்.”

“ஒரு பக்கம்கூடவா?” அவர் குரலில் நிம்மதியைவிட ஏமாற்றமே கூடுதலாக இருந்தது.

“பாஸ்வேர்டு, பேங்க், எதையும் தொடலை. கேமராவை மட்டும் திறக்குது. சத்தம் கிடையாது, வெறும் படம். அதுவும் அதிகமாச் சாயங்காலம்தான், நீங்க நடக்கப் போனப்புறம்.”

“நான் இல்லாதப்ப என்னை எப்படி வேவு பாக்க முடியும்?”

“அப்ப உங்களைப் பாக்கலை. உங்க காலி நாற்காலிக்கு நேர் பின்னால என்ன இருக்கு, பாருங்க.”

எல்லோரும் தையல் மெஷினைப் பார்த்தார்கள். அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஜன்னல் வெளிச்சத்தை விட்டுட்டு யாராவது மெஷினை இருட்டு மூலைக்கு இழுப்பாங்களா? நேத்து இவங்க கவுனை வெளிச்சத்துல பாக்கலை. லைட்டு இவங்க முதுகுக்குப் பின்னால இருக்கு. கேமராவுக்குக் காட்டிக்கிட்டிருந்தாங்க.” அக்காவின் பார்வை வெளுத்த நீள்சதுரத்துக்குப் போனது. “அங்க இருந்த படத்தை ரெண்டு வருஷத்துக்கு முன்னாலதானே சார் கழட்டினீங்க?”

இயக்குநர் தம் சால்வைப் படங்களைப் பார்த்தார். அவர் பார்த்த மாப்பிள்ளை வேண்டாமென்று, பிடித்தவனோடு கடல் தாண்டிப் போன மகளைப் பற்றி ஊருக்கே தெரியும். சுயசரிதையில் மட்டும் அவள் இல்லை.

“போற அன்னைக்குக் காலையில உங்க மகதான் இதைப் போட்டுவச்சுட்டுப் போயிருக்காங்க. நீங்க வாங்கின ஒவ்வொரு காவக்காரனும் ஒழுங்காத்தான் கேட்டிருக்கான், ‘இது கேமராவைத் திறக்குது, விடலாமா’ன்னு. நீங்கதான் நாலு தடவையும் ஒப்புதல் கொடுத்திருக்கீங்க.”

“நீயுமா?” என்று மனைவியிடம் திரும்பினார் இயக்குநர். “சத்தியம் பண்ணினியே!”

“பண்ணினேன். பேசமாட்டேன், எழுதமாட்டேன்னு. இன்னைவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை, ஒரு வரி எழுதலை. காட்டமாட்டேன்னு நீங்க சத்தியம் வாங்கலையே?” அம்மாள் மடித்த துணியை மடியில் விரித்தாள். உள்ளங்கை அகலத்தில் கழுத்துப்பட்டி வைத்த கவுன். “பொண்ணு பிறந்திருக்காம். அவ சிநேகிதி கடைத்தெருவுல பாத்துச் சொன்னா. அளவு யாரைக் கேக்கறது? இந்நேரம் இவ்வளவு வளந்திருக்கும், இவ்வளவு வளந்திருக்கும்னு குத்துமதிப்பாத் தைக்கறேன். தைச்சுக் காட்டிட்டு அலமாரியில வைக்கறேன். பச்சை விளக்கு எரிஞ்சா நான் பாக்கறேன்னு போறப்பவே சொல்லிட்டுப் போனா. அவ என்னைப் பாப்பா. அவ எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா இருக்கா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒருநாள் எரியலைன்னா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது.”

தம்பி வெளிநாட்டுக் கையைப் பற்றிப் பேசாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப என்னை?” என்றார் இயக்குநர் கடைசியில். குரல் இணையும் இல்லாமல் இயக்குநரும் இல்லாமல் வந்தது. “ஒருநாள்கூடவா பாக்கணும்னு தோணலை?”

“காலையிலயும் ஒருதடவை திறக்குது சார். நீங்க சுயசரிதை அடிக்கற நேரம். ரெண்டு வருஷமா, தினமும். விளக்கு உங்க முகத்துக்கு நேராத்தான் எரிஞ்சிருக்கு. நீங்க எழுத்துத் தேடிக் குனிஞ்சே இருந்திருக்கீங்க.”

ஸ்டெனோ கழுத்தைத் துடைப்பதை நிறுத்தினார்.

“இதை எடுத்துத்தான் ஆகணும்” என்றாள் அக்கா மெதுவாக. “இது தாழ்ப்பாளே இல்லாத கதவு. மக வர்ற வழியா நாளைக்கு எவன் வேணும்னாலும் வருவான்.”

அம்மாளின் விரல்கள் கவுனின் ஓரத்தை இறுக்கின. “எடுத்துட்டா… அப்புறம்?”

இயக்குநர் திரையை நெருங்கினார். ‘இதை நீக்கலாமா’ என்று கேட்டது; இந்த முறை கேள்வி முழுவதையும் உதட்டை அசைத்துப் படித்தார். படித்துவிட்டு அமுக்கினார். சிவப்பு எழுத்து மறைந்தது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“முகம் பாத்துப் பேசறதுக்கு ஏதாவது… ஓசியா இருக்கா?” என்றார் அவர், அக்காவைப் பார்க்காமலே.

இருந்தது. நீக்கப்பட்ட நிரல் படங்களை அனுப்பிக்கொண்டிருந்த மின்னஞ்சல் முகவரியை அக்கா முன்பே குறித்துவைத்திருந்தாள். அழைப்பு போனது. சற்று நேரத்தில் திரையில் ஒரு பெண்ணின் முகம் நிறைந்தது. தோளில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு குழந்தை. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். “மேற்படி சத்தியமானது இன்று முதல்…”

“அட, நகருங்க!” என்று அவரைத் தோளால் தள்ளிவிட்டு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருடப் பேச்சும் சேர்ந்து வெடித்தது.

“ஏன்டி, முடியை ஏன்டி இப்படி ஒட்ட வெட்டித் தொலைச்சிருக்க?”

மகள் அழுதபடியே சிரிக்கத் தொடங்கினாள். தம்பி பையை எடுத்துக்கொண்டான். வாசலிலிருந்து அவன் திரும்பிப் பார்த்தபோது, எந்த அமைச்சருக்கும் முதுகு வளைத்ததில்லை என்று சொல்லிக்கொள்ளும் அந்த மனிதர், மனைவியின் தோளுக்குப் பின்னால் இரண்டாக மடிந்து, தன் முகமும் படத்துக்குள் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.