சத்தமில்லாத கைத்தட்டல்

அந்த வீட்டில் ஒரு கரடி நாறியது.

உயிருள்ள கரடி இல்லை, பயப்படாதீர்கள். பள்ளி நாடகத்துக்காக அம்மா தைத்துக்கொண்டிருந்த கரடி வேஷம். அம்மாவுக்கு வேலையே அதுதான். ராஜாவின் அங்கி, கிளியின் சிறகு, முதலையின் வால் என்று எது கேட்டாலும் அவருடைய தையல் இயந்திரத்திலிருந்து இறங்கி வரும். இந்தக் கரடியும் அப்படித்தான், தொட்டால் கையே புதைந்து போகிற மாதிரி புசுபுசுவென்று வந்திருந்தது. அதைத் தூக்கி முகர்ந்து பார்த்த அம்மாவின் மூக்கு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

"தூசீ!" என்று ஒரு சத்தம் போட்டார்.

தூசி என்பது பூனை. ஒருநாள் அலமாரிக்கு அடியில் பெருக்கும்போது, சாம்பல் நிறத் தூசி உருண்டை ஒன்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு 'மியாவ்' என்றது. அன்றிலிருந்து அதுதான் பெயர். குளியலறை மூலையில் அதற்கென்று ஒரு மணல் தொட்டி உண்டு. அதில் ஒன்றுக்குப் போய்விட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டு, 'யாரு, நானா?' என்பது போல் நடந்து வரும். அவ்வளவு நாகரிகமான பூனை!

அதற்கு இந்த மாதம் என்ன வந்ததோ தெரியவில்லை. முதலில் கால்மிதியை நனைத்தது. பிறகு அப்பாவின் சட்டை. இப்போது கரடியின் வயிறு.

"சாயங்காலம் டீச்சர் அளவு பாக்க வராங்க. கரடி ஏன் ஈரமா இருக்குன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று அம்மா தலையில் கை வைத்தார்.

"கரடிக்கு வேர்த்துருச்சுன்னு சொல்லும்மா."

இப்படிச் சொன்னது முந்திரி. பத்து வயதுப் பெண். யார் பேசினாலும் முந்திக்கொண்டு பதில் சொல்வதால் வீட்டில் வைத்த பெயர். அம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

குளியலறையில் தம்பி இருந்தான். பார்க்க உருண்டையாக இருப்பான், அதனால் உருண்டை. இந்த மாதம்தான் அவனை ஜட்டியை நனைக்காமல் இருக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஓட்டை வைத்த மஞ்சள் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அம்மா! உச்சா போயிட்டேன்!"

அவ்வளவுதான். அம்மா கரடியையும் கோபத்தையும் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "சபாஷ்! என் தங்கம்!" என்று படபடவென்று கைத்தட்டினார். முந்திரியும் தட்டினாள். அப்பா இருந்தால், வாளியைக் கவிழ்த்துப் போட்டுச் சொம்பால் மேளமே அடிப்பார். உருண்டை எல்லோருக்கும் தலையாட்டி வணக்கம் வைத்தான்.

இரவு வேலை முடிந்து வந்த அப்பா, சாப்பிட உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

"இது சரிப்பட்டு வராது. ஞாயித்துக்கிழமை சித்தப்பா வரான். தூசிய அவன் குடோனுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். அங்க எலி நிறைய இருக்கு."

முந்திரிக்குச் சோறு இறங்கவில்லை. "குடோன்ல ராத்திரி யாருமே இருக்க மாட்டாங்கப்பா. தூசி என் கால்மாட்டுலதான் தூங்கும்."

"என் கஷ்டம் உனக்கு எங்க தெரியுது? அந்தச் சட்டையைத் துவைச்சுத்தான் போட்டுட்டுப் போனேன். பஸ்ல ஏறினவங்க எல்லாரும் என்னைத் தாண்டிப் பின்னாடி போய் உக்காந்துட்டாங்க. முன் சீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல!" அப்பா பேருந்து ஓட்டுநர்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்திரிக்கு வரவில்லை.

"அதுக்கு வயித்துல ஏதாவது வலி இருந்தா? முதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம்பா."

அது நியாயமாகப் பட்டது அப்பாவுக்கு. மறுநாள் கூடையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். கால்நடை மருத்துவர் தூசியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்ல. எதையோ கண்டு மிரளுது. எதைன்னு அதுகிட்டதான் கேக்கணும்," என்று சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். முந்திரி மட்டும் நிஜமாகவே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலையிலேயே கையையும் காலையும் ஊன்றித் தவழ ஆரம்பித்தாள். தூசி கட்டிலுக்கு அடியில் போனால் இவளும் போனாள். தூசி மேசைக்கு அடியில் படுத்தால் இவளும் படுத்தாள்.

"என்னடி தொலைச்ச?" என்றார் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி.

"ஒண்ணும் தொலைக்கல. இன்னிக்கு நான் பூனை."

"நல்லதாப் போச்சு. மதியச் சாப்பாடு உனக்குப் பால் மட்டும்தான்."

கொஞ்ச நேரத்தில் தூசி எழுந்து குளியலறைப் பக்கம் நடந்தது. முந்திரி சத்தம் போடாமல் தவழ்ந்து, கதவுக்குப் பின்னால் பதுங்கினாள். தூசி இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. தொட்டியில் ஏறி மணலைத் தோண்டியது. சரக், சரக்.

கூடத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த உருண்டையின் காதில் அது விழுந்ததோ இல்லையோ, கட்டைகளைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து வந்தான்.

"தூசி உச்சா! தூசி உச்சா! சபாஷ்! என் தங்கம்!"

படபடவென்று கைத்தட்டினான். அது போதாதென்று சொம்பை எடுத்து வாளியில் டமடமவென்று அடித்தான். தூசியின் ரோமம் முழுக்கச் சிலிர்த்து நின்றது. ஒரே தாவு! மணல் நாலா பக்கமும் சிதற, முந்திரியின் தலைக்கு மேலேயே பறந்து போனது.

முந்திரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டேய்!" என்று எழுந்தாள். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட பூரிப்பில் அந்த முகம் பளபளத்தது.

"தூசி ஓடிச்சு," என்றான் அவன், ஒன்றும் புரியாமல்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "அடக் கடவுளே! நாம சொல்லிக் குடுத்ததத்தானே அவன் செய்யறான்."

அப்பா தாடையைத் தடவினார். மேளம் அடித்தவர் அவர்தானே! ஞாயிற்றுக்கிழமை வந்த சித்தப்பாவை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, "அடுத்த வாரம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாகலைன்னா குடோன்தான்," என்றார்.

மணல் தொட்டியைப் பால்கனிக்கு மாற்றினார்கள். பூந்தொட்டிகளுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலை. உருண்டையைக் கூப்பிட்டு, "இனிமே தூசிக்குக் கைத்தட்டக் கூடாது, சரியா?" என்றார்கள்.

உருண்டை உதட்டைப் பிதுக்கினான். தூசிக்குத் தட்டக் கூடாதென்றால் உச்சா போவதே தப்பு போலிருக்கிறது என்று நினைத்துவிட்டான் பாவம். மஞ்சள் நாற்காலி பக்கமே போகவில்லை. மறுநாள் சோபாவுக்குப் பின்னால் ஒரு குட்டிக் குளம்.

"இது எவன் வேலை? அதுவா, இவனா?" என்று அப்பா குனிந்து பார்த்தார். பூனையும் பிள்ளையும் ஒரே மாதிரி விழித்தன.

முந்திரி அம்மாவின் அருகில் போய்க் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். அம்மா கரடியின் கைகளைத் தைத்து முடித்திருந்தார். உள்ளே பஞ்சு வைத்த, தலையணை போன்ற கைகள். முந்திரி சும்மா அவற்றை மாட்டிக்கொண்டு தட்டிப் பார்த்தாள்.

பொசுக். பொசுக்.

மறுபடியும் தட்டினாள். கண்கள் விரிந்தன.

"அம்மா, இதே மாதிரி சின்னதா ஒரு ஜோடி தைக்க மிச்சத் துணி இருக்கா?"

அன்று மாலைக்குள் உருண்டைக்குக் கரடிக் கை வந்துவிட்டது. முந்திரி அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, தூசி ரொம்பக் கூச்சக்காரி. அவளுக்கு நீ கைத்தட்டலாம். ஆனா தூரமா நின்னு, கரடி மாதிரிதான் தட்டணும். கரடிக்குச் சத்தமே வராது. உனக்கு முடியுமா?"

"முடியும்," என்றான் உருண்டை, கிசுகிசுப்பாக. அப்போதே கரடியாகிவிட்டான். அந்த வேகத்தில் மஞ்சள் நாற்காலியிலும் போய் உட்கார்ந்தான்.

தூசிக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. பால்கனி வாசல் வரை வரும், மோந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். முந்திரி யாரையும் அதைத் துரத்த விடவில்லை. கரடி வேஷத்தை மட்டும் உயரத்தில் தொங்கவிட்டார்கள். துவைத்து வெயிலில் காயப்போட்டதில் அது நாற்றம் போய், இன்னும் புசுபுசுவாகியிருந்தது.

சனிக்கிழமை அப்பா வீடு திரும்பியபோது வீடே அமைதியாக இருந்தது. பால்கனிக் கதவோரம் அம்மாவும் முந்திரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் உருண்டை. பூந்தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. சரக், சரக். பிறகு அமைதி. பிறகு மணலைத் தள்ளி மூடும் சத்தம்.

"ஆகா!" என்று அப்பா கையைத் தூக்கினார்.

"உஷ்ஷ்!" உருண்டை திரும்பி, ஒரு பெரிய பஞ்சுக் கையைத் தன் வாய்மேல் வைத்தான்.

அப்பா தூக்கிய கையை அப்படியே இறக்கி, செல்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தார். "டேய், எலி புடிக்க வேற ஆளப் பாத்துக்கடா," என்று அவர் சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னது முந்திரிக்குக் கேட்டது. பேசி முடித்துவிட்டு, நாற்காலியில் கிடந்த பெரிய கரடிக் கைகளை மாட்டிக்கொண்டு வந்து மகனுக்குப் பக்கத்தில் நின்றார்.

பொசுக், பொசுக் என்று சின்னக் கரடியும் பெரிய கரடியும் தட்டின.

பூந்தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து தூசி வெளியே வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, 'யாரு, நானா?' என்பது போல் எல்லோரையும் தாண்டி நடந்து, முந்திரியின் கட்டிலில் கால்மாட்டுப் பக்கம் ஏறிப் படுத்துக்கொண்டது.