பச்சை கேட் பங்களாவில் ஜலஜா

ட்ரிங்... ட்ரிங்...!

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலை. மெஷின்களின் இரைச்சலை மீறி டெலிபோன் அலறியது.

ஃபோர்மேன் ஜகதீசன் ரிசீவரை எடுத்தார்.

"உங்க சம்சாரம் இப்ப போலாரத்துல இருக்கா!" மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் ஆண் குரல். "பச்சை கேட் போட்ட பங்களா. ஒரு ஆம்பளையைப் பாக்க!"

"யார்ரா நீ?"

டொக்!

ஜகதீசனுக்கு வியர்த்தது. அப்போ நான் நினைச்சதெல்லாம் நிஜம்!

இரண்டு மாதமாய் அவருக்குத் தூக்கம் இல்லை. கம்பெனி பஸ்ஸில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஜகதீசன் கண்ணுக்கு டபரா காபியெல்லாம் விஷம்! மனைவி ஜலஜா ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் குடிப்பார்.

"டாக்டர்கிட்ட போலாம்னா..." என்று அவள் கெஞ்சினாள்.

"எனக்கென்ன பைத்தியமா? பஸ் பூரா தெரிஞ்சா என் மானம் என்னாறது?"

போனை வைத்ததும், உடம்பு சரியில்லை என்று பெர்மிஷன் வாங்கினார். மனசு சரியில்லை என்று எவன் கேட்பான்?

பையில் ஒரு பெரிய ஸ்பானரைப் போட்டுக்கொண்டார்.

ஸ்கூட்டர் பறந்தது!

போலாரம். பச்சை கேட். வராந்தாவில் ஜலஜாவின் செருப்பு... பக்கத்தில் ஆண்பிள்ளை ஷூ!

உள்ளே பேச்சுக்குரல்.

"வருவாரா?" என்றது ஆண் குரல்.

"கட்டாயம் வருவார். நேக்குத்தான் பயமா இருக்கு..." ஜலஜா!

கதவை எட்டி உதைத்தார் ஜகதீசன்.

"ஜலஜா...!"

ஸ்பானர் அவள் தலைக்கு மேலே உயர்ந்தது. அவள் அலறினாள்!

மேஜைக்குப் பின்னாலிருந்த வழுக்கைத் தலைக்காரர் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் சந்திரமோகன். சைக்கியாட்ரிஸ்ட். டென்ஷன் நக்கோ... வேண்டாம் சார், உக்காருங்க. இந்த அப்பாயின்ட்மென்ட் உங்களுக்குத்தான்!"

"எ... எனக்கா?"

"ஆமா!" ஜலஜா வெடித்து அழுதாள். "ஆசையாக் கூப்பிட்டா வரமாட்டேள். சந்தேகப்பட்டா மட்டும் பறந்துண்டு வருவேள்!"

"போன் பண்ணினது?"

"பக்கத்தாத்து சாம்பசிவம்."

"அவனா! பஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுவானே!"

"மாட்டார். இந்த டாக்டர் விலாசத்தைக் குடுத்ததே அவர்தான். போன வருஷம் அவரும் இங்கதான் வந்துண்டிருந்தாராம்!"

பஸ்ஸிலேயே உரக்கச் சிரிக்கும் சாம்பசிவமா!

"தூக்கம் போனப்பவே வந்திருக்கணும் சார்," என்றார் டாக்டர். "காபியில விஷம்னு தோணினப்பவாவது. ஸ்பானர் வரைக்கும் விடலாமா?"

ஜகதீசன் ஸ்பானரைப் பார்த்தார். ஜலஜாவின் வகிட்டுக் குங்குமத்தைப் பார்த்தார்.

"இவளை... அடிச்சிருப்பேனே டாக்டர்! நேக்குப் பயமா இருக்கு. என்னைச் சரி பண்ணுங்கோ."

"ஹவ், ஆமா, பண்ணிடலாம். முதல்ல உங்களைத் தூங்க வைப்போம்."

ஸ்பானர் மேஜைமேல் உட்கார்ந்தது. ஜகதீசன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீ வந்தது. கோப்பையை எடுத்தவர் தயங்கினார். பழக்கதோஷத்தில் ஜலஜா கையை நீட்டினாள். அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு அதை டாக்டர் பக்கம் தள்ளினார்.

"நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்கோ!"

டாக்டர் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"விஷம் இல்ல சார்... சக்கரையும் இல்ல!"