ஜிகினாவின் கடைசிப் பாட்டு

வீல்...!

வெள்ளிமலை லாட்ஜே அதிர்ந்தது. அலறியது, அறை கூட்ட வந்த ஆயம்மாள்.

கட்டிலில் தமிழ்வேந்தன். 'ஜிகினா' என்று சொன்னால் கள்ளக்குறிச்சியே விசிலடிக்கும் ராக் பாடகன். வெள்ளி பூசிய முகம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு நட்சத்திரம், கழுத்தை இறுக்கிய ஜிகினாத் துண்டு.

பக்கத்தில் அவன் மனைவி அபிநயா. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"புருஷன் செத்துட்டான். அழலையேம்மா?" என்றாள் தகவல் கேட்டு வந்த இன்ஸ்பெக்டர் தேவிப்ரியா.

"வரல மேடம்..."

"ராத்திரி எப்ப வந்தே?"

"கடைசி பஸ்ல. தலையோட கம்பளி போத்திக்கினு கெடந்தாரு. தூங்குறாருன்னு நானும் பக்கத்துலயே படுத்துட்டேன்."

"பொய் மேடம்!" பாய்ந்தான் மேக்கப்மேன் அருள்மொழி. "ஆறு பாட்டும் ஆடிட்டு ரூமுக்குப் போனாரு. நாங்கல்லாம் கீழ சாமான் ஏத்திக்கினு இருந்தோம். அப்பறம் உள்ள போனது இவ ஒருத்திதான்! கச்சேரிய படமே புடிச்சிருக்கோம்... பாருங்க!"

லேப்டாப்பில் படம் ஓடியது.

புகை. கலர் லைட். மேடைப் படியருகே ஜிகினா! குனிந்தான், மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், ஏறினான். கூட்டம் கத்தியது.

"நிறுத்துங்க..." அபிநயாவின் குரலில் உயிரே இல்லை. "இது என் வூட்டுக்காரரு இல்ல."

"இன்னாடி ஒளர்ற?" சீறினான் அருள்மொழி.

"அவரு மேடைய ஒதைச்சிக்கினு ஏறுவாரு. தொட்டுக் கும்புட்டு ஏறுறது தெருக்கூத்து கட்றவங்க. எங்க குரூப்புல கூத்து கட்டுனவரு... நீங்க ஒருத்தருதாண்ணா."

அருள்மொழி லேப்டாப்பை மூடப் போனான். "கு... குரலு அவருதுதானே மேடம்?"

"ஷூட்டிங்னா மேடையில யாரும் பாடறதில்ல, முன்னாடியே பதிஞ்ச ரெக்கார்டுதானே ஓடும்? ட்ரெஸ்ஸும் ரெண்டு செட்! கச்சேரிக்கு முன்னாடியே இங்க கதைய முடிச்சு, கம்பளிய போத்திட்டு மேடைக்குப் போயிருக்கீங்க. ஆடி முடிச்சு, இதே ரூமுல வேஷத்தக் கலைச்சிட்டு சாமான் ஏத்த எறங்கிட்டீங்க." தேவிப்ரியா அவன் தலைமுடியை விலக்கினாள். "மேக்கப்மேன் கையில வெள்ளி இருக்கலாம். காதுக்குப் பின்னால எதுக்கு?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"பத்து வருசமா அவன் மூஞ்சிய நான் வரைஞ்சேன் மேடம். ஒரே ஒரு பாட்டுக்கு நான் மேடை ஏறுறேன்னேன். கூத்தாடிக்கு எதுக்குடா மேடைன்னு சிரிச்சான்... நேத்து இன்னா கைத்தட்டலு!"

"நல்லாத்தான் ஆடுனீங்க," என்றாள் அபிநயா. அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை.

ஜீப்பில் ஏறும்போது அருள்மொழி கேட்டான். "படம் வெளில வருமா மேடம்?"

"கண்டிப்பா! மொத ஷோ கோர்ட்ல. விசில் மட்டும் எதிர்பார்க்காதீங்க."